இன்றைக்குள் எத்தனை இன்று

“…ரோமாபுரிக்காரன் என்னத்தையோ சொல்லிட்டுப் போவட்டும் அம்மிணி. லத்தீனு கித்தீனு எல்லாத்தையும் அக்கட்டால வையி. இன்னைக்கு ஆவுமா, ஆவாதா? உன்ற ஆபீஸ்ல அந்தக் காயிதம் எங்க நிக்குது? அத மட்டும் சொல்லு.”

என் கணவர் இதைச் சொன்னபோது காலை ஏழே முக்கால். தில்லி துவாரகாவில் எங்கள் ஐந்தாம் மாடி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தோசையின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். மகள் பள்ளி பஸ்ஸுக்கு இறங்கிப் போயிருந்தாள். அவர் விமான நிலையச் சரக்குப் பிரிவின் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கழுத்தில் அடையாள அட்டையோடு நின்றிருந்தார்.

அந்தக் காகிதம் எங்கே நிற்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். என்னைப் போல மத்திய அரசில் வேலை பார்க்கிறவர் வேறு நாட்டுக்குக் குடிபோக விண்ணப்பித்தால், தனக்கு ஆட்சேபணை இல்லை என்று இலாகா எழுதித் தர வேண்டும். என்.ஓ.சி. என்பார்கள். என் கணவருக்குக் கனடா போக வேண்டும். பிரெஞ்சு தெரிந்தால் சீக்கிரம் கூப்பிடுவார்கள் என்று ஒரு முகவர் சொல்ல, நாற்பத்தாறு வயதில் பிரெஞ்சு படித்துப் பரீட்சை எழுதித் தேறியும்விட்டார். அவர் பங்கு முடிந்தது. என் பங்கு ஒரே ஒரு காகிதம். அதற்கான விண்ணப்பத்தை நான் டைப் அடித்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அது என் ஆபீஸ் மேசையின் இரண்டாவது டிராயரில், ஸ்டேப்ளர் பின் டப்பாவுக்குக் கீழே கிடந்தது. அவரிடம் “மேல போயிருக்குதுங்க” என்று சொல்லியிருந்தேன்.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. எங்கள் செக்ஷனில் இந்த மாதிரி விண்ணப்பங்கள் வந்து விழுகிற மேசையே என்னுடையதுதான். யார் மகளைப் பார்க்க எந்த நாட்டுக்குப் போகிறார், யார் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கிறார் என்பதெல்லாம் என் கையைத் தாண்டித்தான் மேலே போகும். வருகிற காகிதத்துக்கு டைரி நம்பர் போட்டு, விதியைப் பார்த்து, குறிப்பு எழுதி நகர்த்துவேன். என் சொந்த விண்ணப்பத்தை நானே கையாளக் கூடாது. பக்கத்து மேசைக்காரரிடம் தள்ளிவிட வேண்டும். எங்கள் இரண்டு மேசைக்கும் நடுவே இரண்டடி இருக்கும். மூன்று மாதத்தில் அந்த இரண்டடியை அந்தக் காகிதம் கடக்கவில்லை.

சர்க்கார் ஆபீஸில் கடிதம் டைப் அடிக்கும்போது தேதியை அடிக்க மாட்டோம். ‘புது தில்லி, தேதி’ என்று போட்டுவிட்டு ஒரு விரற்கடை வெள்ளையாக விடுவோம். கையெழுத்தாகும் நாளில் பேனாவால் நிரப்பிக்கொள்ளலாம் என்று ஒரு வசதி. இருபத்தோரு வருஷமாக அப்படித்தான் அடிக்கிறேன். மற்றவர்கள் கடிதத்தில் அந்த வெள்ளை இடம் என் கண்ணில் பட்டதே இல்லை. என் விண்ணப்பத்தில் மட்டும் அது பல் விழுந்த வாய் மாதிரி என்னைப் பார்த்தது.

லத்தீன் என் வாழ்க்கைக்குள் வந்தது மயூர் விஹாரில். அங்கே ஒரு மூன்றாம் மாடி ஃப்ளாட்டில், புதுச்சேரிக்காரரான ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை ஞாயிற்றுக்கிழமைகளில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தார். தில்லியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மெட்ரோவில் ஒன்றேகால் மணி நேரம். துணைக்கு நானும் போவேன். என் கணவர் உள்ளே மேசையில் உட்கார்ந்து படிக்க, நான் கூடத்து சோபாவில் உட்கார்ந்து கீரையோ பட்டாணியோ ஆய்ந்துகொண்டிருப்பேன். காது மட்டும் உள்ளே இருக்கும். எனக்குச் சின்ன வயதிலிருந்து அந்தப் பழக்கம். யார் என்ன பேசினாலும் காதைக் கொடுத்துவிடுவேன். பி.காம். தபாலில் படித்தேன். மற்றதெல்லாம் அடுத்தவர் பேச்சைக் கேட்டுப் படித்தது.

ஒரு ஞாயிறு, ஆசிரியை என் கணவரை ஒரே சொல்லில் கால் மணி நேரம் நிறுத்திவைத்தார். இன்றைக்கு என்பதற்கு பிரெஞ்சில் ஓஜூர்துயி.

“ஹுயி இல்ல சார், துயி. அந்த ஹெச்ச முழுங்கிடுங்க. பிரெஞ்சுக்காரன் பாதி எழுத்த எழுதறதே முழுங்கறதுக்குத்தான்.”

“ஏனுங் டீச்சர், இன்னைக்குன்னு சொல்லோணும்னா இத்தன தூரம் போவோணுமா? இவனுங்க ஓஜூர்துயின்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள நாளைக்கி ஆயிப்போயிருமே!”

ஆசிரியை சிரித்தார். பிறகு அந்தச் சொல்லைப் பிரித்துக் காட்டினார். கடைசியில் தொங்குகிற ‘உயி’ இருக்கிறதே, அந்தக் காலத்தில் அது ஒன்றே போதுமாம் இன்றைக்கு என்று சொல்ல. அது லத்தீனிலிருந்து வந்தது. லத்தீனில் ‘ஹோக் தியே’, இந்த நாளில். பேசிப் பேசி அது ‘ஹோதியே’ ஆயிற்று. இன்னும் பேசிப் பேசி, பிரெஞ்சுக்காரன் வாய்க்கு வந்தபோது ‘உயி’ என்று ஒரு மூச்சாகச் சுருங்கிவிட்டது.

“அவ்ளோ சின்னதாப் போச்சு, சொன்னா யார் காதுலயும் விழல. என்ன பண்ணாங்க? முன்னாடி ‘ஓ ஜூர் து’ன்னு போட்டுக்கிட்டாங்க. ‘உயியினுடைய நாளில்’. அதாவது இந்நாளுடைய நாளில். நாளுக்குள்ள நாள்.”

கூடத்தில் என் கை பட்டாணித் தோலோடு நின்றுவிட்டது. எங்கள் குளியலறையில் இது அடிக்கடி நடக்கிறது. சோப்பு தேய்ந்து தேய்ந்து நகம் மாதிரி ஆகிவிட்டால் அதை யாரும் எறிய மாட்டோம். புது சோப்பை நனைத்து அதன் முதுகில் ஒட்டிவிடுவோம். அந்த ரோமாபுரிச் சோப்புத் துண்டை பிரெஞ்சுக்காரன் அப்படித்தான் ஒட்டியிருக்கிறான்.

திரும்பி வரும்போது மெட்ரோவில் போனை எடுத்துத் தேடினேன். அந்த ‘ஜூர்’ என்கிற புது சோப்பும் லத்தீன்தான். ‘தியுர்னும்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. அதற்கும் மூலம் அதே ‘தியே’, நாள். ஆக ஒரே வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர், ஒருவரை ஒருவர் அடையாளம் தெரியாமல், ஒரு சொல்லுக்குள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். இத்தோடும் நிற்கவில்லை. அந்தச் சொல்லும் போதாமல் இப்போது பலபேர் அதன் முன்னால் இன்னொரு ‘ஓ ஜூர்’ போட்டு, ‘ஓ ஜூர் தோஜூர்துயி’ என்கிறார்களாம். இலக்கணக்காரர்கள் திட்டுகிறார்களாம். மூன்று நாள் சேர்ந்து ஓர் இன்றைக்கு.

“பாத்தீங்களா? நேத்துன்னு சொல்றதுக்கு ‘இயேர்’. அதுவும் லத்தீன்தானுங்க, ‘ஹெரி’. அதுவும் தேஞ்சுதான் கெடக்குது. அதுக்கு ஆரும் ஒட்டுப் போடல. இன்னைக்குக்கு மட்டும் ஏனுங்க இத்தன ஒட்டு?”

“என்னயக் கேட்டா? பரீட்சைல இதயா கேக்கப் போறான்?” என்றார். அடுத்த ஸ்டேஷனில் ஏறிய கூட்டத்தில் அவர் தள்ளிப் போய்விட்டார்.

எனக்கு அது தலையைவிட்டு இறங்கவில்லை. மறுநாள் ஆபீஸில் பக்கத்து மேசைக்காரர், புலந்த்ஷஹர் பக்கத்து ஆள், ஓய்வுக்கு ஒன்றரை வருஷம் வைத்திருப்பவர், யாரோ ஒருவர் மகன் பெற்றோரைத் தனியே விட்டுப் போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். முடிக்கும்போது, “மேடம் ஜி, ஆஜ் கி டேட் மே கௌன் கிஸ்கா ஹை?” என்றார். இன்றைய தேதியில் யார் யாருக்குச் சொந்தம்? அவர் அதை எதற்கும் சொல்லுவார். லிஃப்ட் வேலை செய்யாவிட்டாலும் சொல்லுவார். அன்றைக்குத்தான் கவனித்தேன். ‘ஆஜ்’ என்றாலே இன்றைக்கு. அதற்கு ஒரு தேதியையும் சேர்த்துக் கட்டிவிடுகிறார். ஊரில் என் அண்ணன் போனில், “இன்னைக்குத் தேதிக்கு வேலைக்கு ஆளு எங்க கெடைக்குது கண்ணு” என்பான். அவனும் கட்டுகிறான். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நான் வாழையிலை வாங்குகிற கடையில், இன்றைக்கு வந்ததா என்று கேட்டால், “இன்னைக்குன்னா இன்னைக்கேம்மா” என்கிறார் கடைக்காரர். மெட்ரோவில் ஒரு பெண் போனில் யாரையோ உலுக்கிக்கொண்டிருந்தாள்: “ஆஜ் மத்லப் ஆஜ்!” இன்றைக்கு என்றால் இன்றைக்கு. இவர்கள் ஒருவருமே வெறும் இன்றைக்கை நம்பவில்லை.

எதையாவது கேட்டால் குறித்துவைக்க என்னிடம் ஒரு பழைய ஆபீஸ் டைரி உண்டு. அந்த வாரம் முழுக்க அதில் இன்றைக்குகள்தான்.

இதை நான் சந்தோஷமாகச் செய்தேன் என்று எழுதினால் முழு உண்மை ஆகாது. ஒவ்வொரு நாள் காலையிலும் ஆபீஸுக்குப் போனதும் டிராயரைத் திறந்து பின் டப்பாவைத் தூக்கிப் பார்ப்பேன். இருக்கும். மூடுவேன். பதினொரு மணிக்கு டீ வரும்போது மறுபடி. ஒருநாள் பக்கத்து மேசைக்காரர், “குச் கோ கயா க்யா, மேடம் ஜி?” என்று ஏதாவது தொலைந்துவிட்டதா எனக் கேட்டார். இல்லை என்றேன். கையை நீட்டினால் போதும், அவர் வாங்கிக்கொள்வார். மதியத்துக்குள் நம்பர் போட்டுவிடுவார். என் கை அந்த நேரத்தில் ஸ்டேப்ளரைத்தான் எடுத்தது. ஸ்டேப்ளர் போட ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்தால் என் கணவர் பால்கனிக்கும் சமையலறைக்கும் நடுவே நடந்தபடி பிரெஞ்சு சொல்லிக்கொண்டிருப்பார். எங்கள் பதினாலு வயது மகள் பள்ளியில் மூன்றாம் மொழியாக பிரெஞ்சு படித்தவள். தில்லியில் பிறந்து வளர்ந்த தமிழ் அவளுடையது. “அப்பா, உங்க ‘ர்’ ரொம்ப அஜீபா இருக்கு, வினோதமா. நீங்க தொண்டைல கார்கிள் பண்ற மாதிரி பண்ணணும்” என்பாள்.

“எங்கூர்ல ஆராச்சும் இப்படிக் காறுனா தண்ணி குடுப்பாங்க சாமி, வேலை குடுக்க மாட்டாங்க” என்பார் அவர். இரண்டு பேரும் சிரிப்பார்கள். நான் உள்ளே குக்கர் சத்தத்தை எண்ணிக்கொண்டிருப்பேன், விசில் நின்று வெகுநேரம் ஆன பிறகும்.

அவர் பக்கத்தையும் சொல்ல வேண்டும். பதினைந்து வருஷமாக அவர் விமான நிலையத்தில் சரக்கேற்றும் இடத்தில் நிற்கிறார். வேலையை இரண்டு தடவை வேறு வேறு கம்பெனிக்கு மாற்றிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் புதுச் சட்டை, பழைய சம்பளம். பரீட்சை முடிவு வந்த அன்று அவர் போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார். தேறிவிட்டார், எதிர்பார்த்ததைவிட நன்றாகவே.

“பதனஞ்சு வருஷமா அடுத்தவன் பொட்டியவே ஏத்தி உட்டுட்டிருக்கறேன் அம்மிணி. ஒருக்கா என்ற பொட்டியும் போவட்டும். இனி உன்ற காயிதம் ஒண்ணுதான். எப்ப வரும்?”

அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? “நாளைக்குன்னு சொல்ல பிரெஞ்சுல ‘துமே(ன்)’ங்கறாங்களே, அது எங்கிருந்து வந்துச்சுன்னு பாத்தீங்களா?” என்றேன். லத்தீனில் ‘தெ மானே’, காலையில் என்று அர்த்தம். காலையில் பார்க்கலாம் என்று சொல்லிச் சொல்லியே அந்த மக்களுக்கு நாளை பிறந்திருக்கிறது என்று விளக்கினேன். அவர் வாயைத் திறந்தபடி கேட்டார். அவருக்கு அப்போது சந்தோஷம், எதையும் கேட்டிருப்பார். பேச்சு மாறிவிட்டது.

அன்றிலிருந்து அது என் வழக்கமாகிவிட்டது. எப்போது என்று அவர் கேட்டால் நான் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு ரோமுக்குக் கிளம்பிவிடுவேன். அவர் நல்ல மனுஷர், பாதி தூரம் கூட வருவார். படித்ததைச் சொல்லுகிற மாதிரி இருக்கும், பொய் சொல்லுகிற மாதிரி இருக்காது. ஆனால் இரவு படுத்தால் அந்த ஒரு விரற்கடை வெள்ளை இடம் கண்ணுக்குள் நிற்கும்.

ஏன் தள்ளவில்லை என்று என்னை நானே கேட்டபோதெல்லாம் பென்ஷன், பதவி உயர்வு என்று ஏதோ சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் இல்லை. மயூர் விஹார் ஆசிரியை வீட்டு சோபாவில் உட்கார்ந்திருந்தபோதே எனக்குத் தெரிந்த விஷயம் வேறு. உள்ளே பேசுகிற பிரெஞ்சில் எனக்கு ஒரு சொல் பிடிபடும், பத்து சொல் போய்விடும். அந்த ஊரில் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால், முன் சீட்டில் இரண்டு பெண்கள் மாமியாரைத் திட்டினால்கூட எனக்குப் புரியாது. தில்லிக்கு வந்த புதிதில் இந்தியோடு அப்படி ஆறு மாதம் இருந்தேன். காது கேட்காதவள் மாதிரி இருந்தது. அப்போது வயது இருபத்திரண்டு, பொறுத்துக்கொண்டேன்.

இப்படி இருக்கையில்தான் முகவர் கேட்டாராம்: சான்று வராவிட்டால் பரவாயில்லை, விண்ணப்பம் கொடுத்ததற்கு இலாகா போட்ட டைரி நம்பராவது வேண்டும், இன்று மாலைக்குள். எனக்கு அந்த விஷயம் காலை ஏழரைக்கு, தோசைக்கல்லுக்கு முன்னால் நிற்கும்போது சொல்லப்பட்டது. நான் தட்டில் தோசையைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். “இன்னைக்கா? இன்னைக்குன்னா பாருங்க, அந்த ரோமாபுரிக்காரன்…” என்று ஆரம்பித்தேன். என் வாய் தானாகவே ஆரம்பித்தது. அப்போதுதான் அவர் இடைமறித்து, நான் ஆரம்பத்தில் எழுதிய அந்த வார்த்தைகளைச் சொன்னார்.

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. கீழே குப்பை வண்டியின் பாட்டு கேட்டது.

“நம்பர் இல்லீங்க” என்றேன்.

“மறந்துட்டியா? போன் பண்ணி அந்தப் பக்கத்து சீட்டுக்காரரக் கேளு.”

“அவருகிட்ட இல்லீங்க. ஆருகிட்டயும் இல்ல. நான் குடுக்கவே இல்லீங்க.”

அவர் அடையாள அட்டையைக் கழற்றவும் இல்லை, விடவும் இல்லை. அதன் நாடாவை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

“மேல போயிருக்குதுன்னு சொன்னது?”

“பொய்யிங்க.”

“மூணு மாசமாவா?”

“ஆமாங்க.”

அவர் பால்கனிக் கதவுவரை போனார். திரும்பி வந்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“சர்க்கார்ல ஃபைலு தூங்கும்னு ஊரே சொல்லும்” என்றார். “என்ற பொண்டாட்டியே அதுக்குத் தலாணி வெச்சுக் குடுப்பான்னு எனக்குத் தெரியாமப் போச்சு. நானு கோமாளியாட்ட இங்கயும் அங்கயும் நடந்து காறிட்டிருந்திருக்கறேன்.”

“அப்படியில்லீங்க.”

“பின்ன எப்படி? வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு வாயில்லயா உனக்கு? ரோமாபுரி வரைக்கும் போவறதுக்கு வாயிருக்குதுல்ல?”

“அங்க வந்து நான் ஆரு பேச்சக் கேட்டுட்டு உக்காந்திருப்பேனுங்க? நீங்க காலைல வேலைக்குப் போயிருவீங்க. இவ ஸ்கூலுக்குப் போயிருவா. எனக்கு ஆரு பேசறதும் புரியாது. எனக்கு பயமா இருக்குதுங்க. பயமா இருக்குதுன்னு உங்ககிட்ட சொல்லவும் பயமா இருந்துச்சு. நீங்க அந்த ரிசல்ட்டக் காட்டும்போது உங்க மூஞ்சியப் பாத்தேன்.”

சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்தேன். தோசை முழுவதையும் நான் துண்டு துண்டாகப் பிய்த்துப் போட்டிருந்தேன், ஒரு வாய்கூடத் தின்னவில்லை.

“இன்னைக்குக் குடுக்கச் சொன்னா குடுத்தர்றேன்” என்றேன். “ரெண்டடிதான். ஆனா எனக்கு இஷ்டமில்லீங்க. அது தெரிஞ்சு சொல்லுங்க.”

அவர் என் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். நின்றபடியே, பால்கனிக்கு வெளியே ஏறிக்கொண்டிருந்த ஒரு விமானத்தையும் பார்க்காமல், நான் பிய்த்துப் போட்ட தோசைத் துண்டுகளை ஒன்றுவிடாமல் தின்று முடித்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்து போனை எடுத்து, ஷிஃப்ட் இன்சார்ஜைக் கூப்பிட்டு, வீட்டில் கொஞ்சம் வேலை, இரண்டாவது ஷிஃப்டுக்கு வருகிறேன் என்று இந்தியில் சொன்னார்.